பட்டு விரிப்பைத் தலைமுடி போல அலசுங்கள்

எங்கள் வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, மகள் சிங்கப்பூரிலிருந்து பட்டில் ஒரு படுக்கை செட் வாங்கி வந்தாள். மெத்தை விரிப்பு ஒன்று, தலையணை உறை நான்கு, உள்ளே பட்டுப்பஞ்சு வைத்த போர்வை ஒன்று, அந்தப் போர்வைக்கு மேலே போடுகிற உறை ஒன்று. எல்லாம் சந்தன நிறம். பள்ளத்தூர் வீட்டின் தேக்குக் கட்டிலில் விரித்தபோது அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

பட்டுப் புடவையோடு நாற்பது வருடம் பழகியவள் நான். ஆனால் புடவை வேறு, படுக்கை வேறு. புடவையை வருடத்துக்கு நாலு தடவை கட்டுவோம், நிழலில் காற்றாட விடுவோம், மடித்து வைப்போம். படுக்கையில் தினமும் ஏழெட்டு மணி நேரம் வியர்வையும் தலை எண்ணெயும் படுகிறது. தண்ணீரில் போடாமல் தீராது. எப்படிப் போடுவது என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து, நான்கு தலையணை உறைகளையும் மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டு, எப்போதும் போடுகிற தூளையே போட்டேன். வெளியே எடுத்தபோது கிழிசல் எதுவும் இல்லை. ஆனால் மினுமினுப்பு போயிருந்தது. கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிற துணி, விரலைப் பிடித்து இழுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மேலே மெல்லிய பஞ்சு எழும்பியது போல ஒரு மங்கல். அன்று முழுக்க மனசு சரியில்லை. மகள் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கியது அது.

தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அதில் என்சைம் சேர்த்திருந்தது. சலவைத்தூளில் சேர்க்கும் என்சைம்களில் புரோட்டியேஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் வேலை புரதத்தைச் சிதைப்பது. ரத்தக் கறை, பால் கறை, வியர்வைக் கறை எல்லாம் புரதம் கலந்தவை என்பதால் பருத்தியில் அது நன்றாக வேலை செய்யும், பருத்திக்கும் ஒன்றும் ஆகாது. பட்டு நூலோ முழுக்கப் புரதம். கறையை உடைக்கப் போட்ட மருந்து துணியையே உடைக்க ஆரம்பித்துவிடுகிறது.

அப்போது என் ஆயா, அதாவது பாட்டி, சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பூந்திக்கொட்டையை முந்தின இரவே ஊறப்போட்டு வைப்பார்கள். எங்களுக்கெல்லாம் தலை அலசிவிட்டது போக மிஞ்சிய தண்ணீரில்தான் ஆயா தன் பட்டு ரவிக்கைகளையும் எங்கள் பட்டுப் பாவாடைகளையும் முக்கி எடுப்பார்கள். “சவுக்காரம் போட்டா என்ன ஆயா?” என்று கேட்டால், “பட்டும் முடியும் ஆச்சி தங்கச்சி மாதிரிடி. தலைக்கு ஆகாதது பட்டுக்கும் ஆகாது” என்பார்கள். எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா.

படிப்பு இல்லாத மனுஷி. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பட்டு பராமரிப்பு முழுவதும் இருக்கிறது என்று இத்தனை வருடம் துவைத்துப் பார்த்து நான் நம்புகிறேன். முடி கெரட்டின் என்ற புரதம், பட்டு ஃபைப்ராயின் என்ற புரதம். பருத்தி செடியிலிருந்து வருகிற செல்லுலோஸ், அதன் குணமே வேறு. பருத்தியை அடித்துத் துவைக்கலாம், கொதிக்கவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம். நம் துவைக்கிற பழக்கம் அத்தனையும் பருத்திக்காக ஏற்பட்டது. அந்தக் கையோடு பட்டைத் தொட்டால் கெடத்தான் செய்யும். அதனால் பட்டில் என்ன செய்யப் போனாலும், இதை என் தலைமுடிக்குச் செய்வேனா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்வேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவேனா? முறுக்கிப் பிழிவேனா? பிளீச் போடுவேனா? ஆப்ப சோடா கரைத்துத் தேய்ப்பேனா? பதில் தானே வந்துவிடும்.

பட்டுப்புழு நூலை விடும்போது அதன் மேல் செரிசின் என்ற பசையும் சேர்ந்தே வருகிறது. நூற்பவர்கள் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தப் பசையை எடுத்த பிறகுதான் பளபளப்பு வெளியே தெரிகிறது. பட்டு இழையை வெட்டிப் பார்த்தால் முக்கோணம் போல இருக்கும். அதன் பட்டையான பக்கங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் அந்த மினுக்கம். உரசியோ, சோப்பு, சோடாவின் காரத்தில் அரித்தோ அந்தப் பக்கங்கள் சிதைந்துவிட்டால் போன மினுக்கம் திரும்பாது. என் தலையணை உறைகளுக்கு நடந்தது அதுதான்.

மங்கலில் இன்னொரு வகையும் உண்டு, அது திரும்பிவிடும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அந்த மாதிரிக் கடினத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காது, திரிந்து திரிந்து பிசுக்காகி நூலின் மேல் ஒட்டிக்கொள்ளும். துணி விறைப்பாக, சாம்பல் பூத்தது போலத் தெரியும். இதற்கு வினிகர் நல்ல மருந்து. பத்து லிட்டர் தண்ணீரில் வெள்ளை வினிகர் அரை டம்ளர் கலந்து, அதில் துணியை இரண்டு நிமிடம் அலசி, பிறகு வெறும் தண்ணீரில் மறுபடி அலச வேண்டும். ஒட்டியிருந்த காரமும் பிசுக்கும் போய்த் துணி மறுபடி குழைந்து வரும். வாசனை காய்ந்ததும் போய்விடும். ஒன்றே ஒன்று, சரிகை வைத்த பட்டுக்கு இதைச் செய்யாதீர்கள், சரிகை கறுத்துப் போகும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி மழைத்தண்ணீர். செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் குழாய்க்குக் கீழே அண்டாவை வைத்தால் ஒரு மழைக்கே நிரம்பிவிடும். முதல் மழையை விட்டுவிட வேண்டும், அதில் ஓட்டிலுள்ள தூசி எல்லாம் வரும். அடுத்த மழையில் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடி வைத்துக்கொள்வேன். உப்பில்லாத அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பூந்திக்கொட்டைச் சாறு விட்டாலே அப்படி நுரைக்கும். மழைத்தண்ணீர் தீர்ந்த மாதங்களில், கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிக்கிற வடிகட்டிய தண்ணீர் ஒரு வாளி எடுத்துக்கொள்கிறேன். வீண்செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீர் பிறகு செடிக்குத்தான் போகிறது.

பூந்திக்கொட்டை காரைக்குடியில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். விரிப்பு, உறைகள் எல்லாவற்றுக்குமாகப் பதினைந்து இருபது கொட்டை போதும். உள்ளே இருக்கிற கறுப்பு விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் கையால் பிசைந்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். நார் தங்கினால் துணியில் திட்டுத் திட்டாக ஒட்டும். சாறு பழுப்பாக இருக்கும். சந்தன நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் தொந்தரவில்லை, சுத்த வெள்ளைப் பட்டில் சாயல் படியலாம். வெள்ளைக்குக் குழந்தைகளுக்கான மிதமான ஷாம்பூ இரண்டு ஸ்பூன் போதும். கடையில் பட்டுக்கும் கம்பளிக்கும் என்று தனியாக விற்கும் திரவ சோப்பும் சரி. எதை வாங்கினாலும் பின்பக்கம் என்சைம், பிளீச் என்ற இரண்டு சொல்லும் இல்லையா என்று பாருங்கள். ஆப்ப சோடா போட்டால் வெளுக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது காரம், பட்டுக்கு வேண்டாம். சவுக்காரம் என்ற பெயரிலேயே காரம் இருக்கிறதே.

துவைக்கும் நேரமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை பொறுக்காது. முப்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம் என்பதால் நான் விடிகாலையில் ஆரம்பித்துவிடுவேன். முதல் தடவை துவைக்கும் எந்த வண்ணப் பட்டிலும், ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அதைத் தனியே துவையுங்கள். பிறகு சாறு கலந்த தண்ணீரில் முக்கி, ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. தேய்க்க வேண்டாம், தூக்கித் தூக்கி விட்டாலே அழுக்கு போய்விடும்.

பட்டு நனைந்தால் வலு குறையும். பெரிய விரிப்பு தண்ணீர் குடித்து நல்ல கனம் கனக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனம் முழுவதும் அந்த இடத்து நூலில் இறங்கும். என் ஆச்சி ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு பேருமாகத்தான் துவைத்தோம். பழக்கதோஷத்தில் அவர்கள் ஒரு முனையைப் பிடித்து முறுக்கப் போனார்கள்.

“முறுக்காதீக ஆச்சி, நூல் விட்டுப்போகும்.”

“பிழியாம எப்படிடி காயும்?”

“குளிச்சிட்டு வந்தா தலையத் துண்டுல சுத்துவோமில்ல, அதே மாதிரிதான்.”

பெரிய பருத்தித் துண்டையோ பழைய வேட்டியையோ விரித்து, அதன் மேல் விரிப்பைப் போட்டு, பாய் சுருட்டுவது போலச் சேர்த்துச் சுருட்டிக் கையால் அழுத்துங்கள். தண்ணீர் எல்லாம் துண்டுக்குப் போய்விடும். இரண்டாவது துண்டில் இன்னொரு தடவை. ஆச்சி அதைப் பார்த்துவிட்டுத் தன் புடவைகளுக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்றால், வலைப்பையில் தனியாகப் போட்டு, மென்துணிக்கான ஓட்டத்தில், குளிர்ந்த தண்ணீரில், சுழற்சி வேகத்தை மிகக் குறைத்துப் போடலாம். முன்பக்கம் திறக்கிற மெஷினாக இருந்தால் தேவலை. சூட்டில் உலர்த்துவது கூடவே கூடாது.

காயப்போடுவதற்கு நம் பழைய வீடுகளைப் போல வசதி வேறெங்கும் இல்லை. வளவின், அதாவது உள்முற்றத்தின், தாழ்வாரத்தில் காற்று வந்துகொண்டே இருக்கும், வெயில் நேராக விழாது. வெயிலில் போட்ட பட்டு மஞ்சளாகி, நாளடைவில் நூலே இற்றுப் போகும். கயிற்றுக் கொடி தடம் பதிக்கும், கிளிப் பல் பதிக்கும். நான் இரண்டு மூங்கில் கழியில் வேட்டியைச் சுற்றி, அடுத்தடுத்து வைத்து, விரிப்பை அகலமாகப் போடுகிறேன். ஃபேன் காற்றில் மூன்று மணி நேரத்தில் உலர்ந்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் திருப்பி, குறைந்த சூட்டில், மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு இஸ்திரி போட வேண்டும். முழுக்கக் காய்ந்த பட்டில் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாகத் தடம் நின்றுவிடும். அப்படி நின்றால் துணி முழுவதையும் மறுபடி நனைப்பதுதான் வழி.

இனி கறைகள். நம் ஊரில் தலையணை உறைக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். புதுக் கறையாக இருந்தால் தண்ணீர் பட விடாதீர்கள். முகப்பவுடரோ சோள மாவோ தாராளமாகத் தூவி இரவு முழுக்க விட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். காலையில் மெதுவாகத் தட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சொட்டு ஷாம்பூவை விரலால் தொட்டு வைத்து, பிறகு முழு உறையையும் துவைக்க வேண்டும். எண்ணெய் வைத்த அன்று தலையணைக்கு மேல் ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்வதை இப்போது எங்கள் வீட்டில் எல்லோருமே செய்கிறார்கள்.

மஞ்சள் கறைக்கு மட்டும் நான் இன்னும் பயப்படுகிறேன். ஒரு நாள் மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு மத்தியானம் படுத்துவிட்டேன். உறையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவசரத்தில் குளிக்கிற சோப்பைத் தேய்த்தேன், அந்த இடம் ரத்தம் மாதிரி சிவந்தது. கை நடுங்கிவிட்டது. பிறகு யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது, குங்குமம் செய்வதும் ஆரத்தி கரைப்பதும் அதை வைத்துத்தான். சோப்பின் காரமும் அதே வேலையைச் செய்திருக்கிறது. வினிகர் கலந்த தண்ணீரில் அலசியதும் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. ஆனால் அந்த மஞ்சள் முழுதாகப் போகவில்லை. பட்டு மஞ்சள் சாயத்தை நன்றாகவே பிடித்துக்கொள்கிற துணி. பருத்தியாக இருந்தால் வெயிலில் போட்டு வெளிற வைக்கலாம். பட்டை வெயிலில் போடக் கூடாதே. இன்றும் அந்த உறையின் ஒரு மூலையில் வெளிறிய மஞ்சள் இருக்கிறது.

ரத்தக் கறைக்கு வெந்நீர் படக் கூடாது, கறை இறுகிவிடும். உடனே குளிர்ந்த தண்ணீர் ஒற்றி எடுத்தால் போகும்.

கிழிசலுக்குக் காரணம் பெரும்பாலும் துவைப்பது இல்லை, நாமேதான். மெட்டி, கொலுசு, தோட்டுத் திருகு, பித்தவெடிப்பு உள்ள குதிகால், எல்லாமே இழையை இழுக்கும். எங்கள் கட்டிலின் செதுக்கு வேலையில் ஒரு சிலாம்பு இருந்து விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டது. இழுபட்ட நூலை வெட்டக் கூடாது. வெட்டினால் அங்கிருந்து ஓட்டை பெரிதாகும். மழுங்கிய ஊசியால் அந்த வளையத்தை மெதுவாகத் துணியின் பின்பக்கம் தள்ளிவிட்டு, சுற்றியுள்ள துணியை விரலால் நீவி விடுங்கள்.

பட்டுப்பஞ்சுப் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். கூட்டை இழுத்து விரித்து அடுக்கடுக்காக வைத்திருக்கும் அந்தப் பஞ்சு, நனைந்தால் திரண்டு கட்டியாகிவிடும், பழையபடி விரியாது. உறையைக் கழற்றித் துவைத்தால் போதும். போர்வையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் பாய் விரித்து, அதன் மேல் இரண்டு மணி நேரம் காற்றாட விடுகிறேன்.

ஏசி அறைக்குப் பட்டு சுகம். ஏசி இல்லாத அறையில், கோடையில், பட்டு விரிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வியர்வை உப்பு பட்டை அரிக்கும், நிறத்தையும் மாற்றும். சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் பருத்திதான். மற்ற மாதங்களில் தலையணை உறைகளை வாரம் ஒரு முறையும் விரிப்பைப் பத்து நாளைக்கு ஒரு முறையும் அலசுகிறேன்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் ஆயாவின் சொல்லே உதவுகிறது. சாட்டின் என்பது நெசவின் பெயர், பாலியெஸ்டரிலும் சாட்டின் உண்டு. ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து நெருப்பில் காட்டினால், பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கனத்தை மோமி என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு மோமி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். படுக்கைக்கு 19-க்குக் குறையாமல் வாங்குங்கள். தினமும் பயன்படுத்துகிற தலையணை உறை என்றால் 22 இன்னும் நீடித்து உழைக்கும்.

பத்திரப்படுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். துவைக்காமல் வைத்தால் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் பூச்சி வரும். முடியையும் கம்பளியையும் தின்கிற அதே பூச்சிதான் பட்டையும் தின்னும். பழைய வேட்டியில் சுற்றி, வசம்பைச் சிறு துணி முடிச்சாகக் கட்டி, பட்டில் படாமல் ஓரத்தில் வைக்கிறேன். மரப்பெட்டி என்றால் உள்ளே பருத்தித் துணி விரித்துவிட்டு வையுங்கள். மரத்தோடு நேராக ஒட்டிக் கிடந்தால் பழுப்புக் கறை ஏறும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது வாங்கி வந்த ஒரு பட்டு மெத்தை விரிப்பு. 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போவதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். அரக்கு நிறம், ஓரத்தில் கைப்பூவேலை. பெட்டகத்தில் ஒரே மடிப்பில் எத்தனையோ வருடம் கிடந்திருக்கிறது. நான் எடுத்து விரித்தபோது மடிப்பு விழுந்த கோடுகளில் எல்லாம் கத்தியால் கீறியது போலப் பிளந்து வந்தது. அந்தக் காலத்தில் கனம் கூட்டுவதற்காக வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டுகள் உண்டு, அவை வயதானால் இப்படி வெடிக்கும். எனவே பழம்பட்டு எதையும் நான் நனைப்பதில்லை, இஸ்திரி போடுவதில்லை. தூசி உறிஞ்சும் மெஷினின் குழாய் வாயில் துணி கட்டி, தள்ளிப் பிடித்துத் தூசியை மட்டும் எடுக்கிறேன்.

இப்போது அதை மடிப்பதை விட்டு, வேட்டி சுற்றிய அட்டை உருளையில் பூவேலை வெளிப்பக்கம் தெரியச் சுருட்டி வைத்திருக்கிறேன். மற்றப் பட்டுகளைப் பனி குறைந்து காற்று காய்ந்திருக்கும் மாசியில் வெளியே எடுத்து, நிழலில் ஒரு நாள் போட்டு, போன வருடத்து மடிப்பின் மேல் மறுபடி மடிப்பு விழாதபடி மாற்றி மடிக்கிறேன். இந்த மாசியில் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பர்மா விரிப்பின் கிழிசல்களுக்குப் பின்னால் மெல்லிய பட்டுத் துணி வைத்து இரண்டு பேருமாகத் தைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.